முதல் கட்டுரை நூலை வெளியிடுகிறீர்களா? அனுமதிக் கடிதம் முதல் கன்னிமாரா பிரதி வரை

வகுப்பறை அனுபவங்கள், ஊரின் சமூக வரலாறு, யாரும் எழுதாமல் விட்ட ஒரு பெண் ஆளுமையின் வாழ்க்கை, ஏரிக்கு வரும் பறவைகள். இப்படி ஏதோ ஒன்றைப் பல வருடம் சேர்த்து எழுதி முடித்துவிட்டு, "இனி அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி" என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாவலோ கவிதையோ என்றால் பிரதியைத் திருத்தியதும் அச்சகத்துக்குப் போய்விடலாம். கட்டுரை நூலில் அடுத்தவர் எடுத்த படம் இருக்கும், அடுத்தவர் எழுதிய கடிதம் இருக்கும், அடுத்தவர் சொன்ன கதை இருக்கும், வரைபடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வேண்டும். எந்தத் தாளை எங்கே வாங்குவது என்று ஒரே இடத்தில் சொல்ல யாரும் கிடைக்காமல், ஆளுக்கொன்று சொல்லி அலைக்கழித்த பிறகு நான் தெரிந்துகொண்டவை இவை. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், சொந்தமாக வெளியிடுபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அனுமதி முதலில், அச்சகம் கடைசியில். அச்சுக்கு ஆகும் நாட்களை யாராலும் சொல்லிவிட முடியும். ஒரு கடிதத்துக்குப் பதில் எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

1. உங்களுடையது எது, அடுத்தவருடையது எது

பிரதியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை இந்த ஒரே கேள்வியோடு படியுங்கள். நடை, பிழை எதையும் பார்க்க வேண்டாம். படம், மேற்கோள், கடிதம், நாட்குறிப்பு, பாடல் வரி, அட்டவணை, வரைபடம், நேர்காணல் என்று உங்களுடையது அல்லாத எதைக் கண்டாலும் ஒரு தாளில் ஏற்றுங்கள். பக்க எண், என்ன பொருள், எங்கிருந்து வந்தது, உரிமை யாருக்கு, கடிதம் போட்ட தேதி, பதில் வந்த தேதி. ஆறு கட்டம் போதும்.

பழைய படங்களைப் பொறுத்தவரை ஒரு சின்ன வேலை. படத்தைத் திருப்பிப் பாருங்கள். பல ஊர்களில் ஸ்டுடியோக்காரர்கள் பின்புறம் ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள். மங்கலான ஊதா மையில் கடைப் பெயரும் தெருப் பெயரும் இருக்கும். சிலவற்றில் யாரோ பென்சிலால் வருடம் எழுதியிருப்பார்கள். அந்தப் பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். படத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதற்காக மறுபடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது சங்கடமான வேலை. ஸ்கேன் குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) இருக்கட்டும். 300 என்பது அச்சாகும் அளவுக்கான கணக்கு. பாஸ்போர்ட் அளவுப் படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கினால் அது பத்தாது.

2. காப்புரிமைக் கணக்கு

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1968இல் மறைந்தார். கணக்கு 1969 ஜனவரியில் தொடங்கி 2028 டிசம்பர் 31இல் முடியும். அதற்கு முன் அவர் எழுத்திலிருந்து நீண்ட பகுதிகளை எடுத்துப் போட வேண்டுமானால் வாரிசுகளின் அனுமதி வேண்டும். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1996இல் மறைந்தார்; அவர் எழுத்துக்கும் படங்களுக்கும் 2056 முடியும் வரை உரிமை இருக்கிறது. அரசு வெளியீடுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. பழைய கல்வி அறிக்கைகள், மாவட்டக் கையேடுகள் போன்றவற்றுக்கு வெளியான ஆண்டை வைத்து 60.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, புகைப்படம். "படம் வெளியாகி 60 வருடம் ஆகிவிட்டது, தாராளமாகப் போடலாம்" என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது பழைய விதி. 2012இல் வந்த திருத்தம் புகைப்படத்துக்கு இருந்த அந்தத் தனிக் கணக்கை நீக்கிவிட்டது. இப்போது எழுத்தைப் போலவே, எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும். அப்புறம், படத்தில் இருப்பவருக்கு உரிமை என்று நினைக்காதீர்கள். பொதுவாக எடுத்தவருக்குத்தான். பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட படமாக இருந்து, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கு. ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்களுக்கு இந்த விதிதான் கைகொடுக்கும்.

இரண்டாவது, கடிதம். உங்கள் கையில் இருக்கும் பழைய கடிதத்தின் தாள் பெற்றவருடையது. அதில் உள்ள வாசகம் எழுதியவருடையது. பெட்டியோடு கடிதங்களைத் தூக்கிக் கொடுத்த பேரன், அவற்றை அச்சிட அனுமதி தரக்கூடியவராக இல்லாமலும் இருக்கலாம். பெண்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுவார்கள், ஏனென்றால் அந்த வரலாறு பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில்தான் கிடைக்கிறது.

மூன்றாவது, நாட்டுடைமை நூல்கள். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்களின் எழுத்தைத் தடையின்றி எடுத்தாளலாம். பட்டியலைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் தமிழ் வளர்ச்சித் துறையிலும் சரிபாருங்கள். ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் தொகுத்து வெளியிட்ட பதிப்பின் முன்னுரையும் அடிக்குறிப்பும் அந்தத் தொகுப்பாசிரியருடையவை. மூல வாசகத்தை மட்டும் எடுங்கள்.

"நூறு வார்த்தை வரை அனுமதி வேண்டாம்" என்பது வெறும் பேச்சு. சட்டத்தில் வார்த்தைக் கணக்கு எதுவும் கிடையாது. விமர்சிக்கவோ ஆராயவோ நியாயமான அளவில் மேற்கோள் காட்டலாம், மூலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பத்தியை எடுத்து அதைப் பற்றி நாலு பத்தி விவாதிப்பது ஒன்று. நாலு பத்தியை எடுத்துப் போட்டுவிட்டு "என்ன அழகு!" என்று நகர்ந்துவிடுவது வேறு.

3. அனுமதிக் கடிதம்

தொலைபேசியில் "போட்டுக்கோங்க சார்" என்று சொன்னது அனுமதி ஆகாது. எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலும் சரிதான், ஆனால் எதற்கு அனுமதி என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். நான் பயன்படுத்தும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"என் தந்தையார் எழுதிய, இத்துடன் இணைத்துள்ள மூன்று கடிதங்களையும் தங்கள் நூலின் அச்சுப் பதிப்பு, மின்னூல், மறுபதிப்புகள், மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றில் வெளியிட அனுமதிக்கிறேன். வெளியிடும் இடத்தில் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். இதற்குக் கட்டணம் ஏதும் பெறவில்லை. இக்கடிதங்களின் பிற உரிமைகள் எங்கள் குடும்பத்திடமே இருக்கும்."

கடைசி வரியைச் சேர்த்துவிட்டால் பாதிப் பேரின் தயக்கம் போய்விடும். "எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கிறாங்களோ" என்பதுதான் அவர்கள் பயம். மின்னூலையும் மறுபதிப்பையும் இப்போதே எழுதி வாங்காவிட்டால் இரண்டு வருடம் கழித்து அதே ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

ஆவணக் காப்பகம், ஆய்வு நூலகம் என்றால் வழி வேறு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமாகட்டும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகட்டும், படிக்க அனுமதி ஒன்று, படியெடுத்து நூலில் அச்சிட அனுமதி இன்னொன்று. பழைய பெண்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தைப் படமாகப் போட வேண்டுமானால் இரண்டாவதைத் தனியாகக் கேளுங்கள். அடையாள அட்டை, பல்கலைக்கழகமோ பதிப்பகமோ கொடுத்த அறிமுகக் கடிதம், எந்தக் கோப்பு, எந்த இதழ், எந்தத் தேதி என்ற பட்டியல் ஆகியவற்றோடு போங்கள். "1930களின் பெண்கள் பத்திரிகைகள் எல்லாம் பார்க்கணும்" என்று போய் நின்றால் அங்கிருப்பவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பதில் வராத கடிதம் சம்மதம் ஆகாது. மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அப்புறம் ஒரு நேர் சந்திப்பு, அதற்கும் பலன் இல்லையென்றால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். படம் இல்லாமல் எழுதும்போது சில சமயம் அந்தப் பத்தி இன்னும் நன்றாக வந்துவிடுகிறது.

4. உங்களிடம் பேசியவர்கள்

நேர்காணல் கொடுத்தவரிடம், அவர் பெயரோடு போடலாமா, பெயரை மாற்ற வேண்டுமா, எந்தப் பகுதியை விட வேண்டும் என்று மூன்றையும் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் சொன்ன பகுதியைப் படித்துக் காட்டி, சம்மதத்தைக் குரல் பதிவாக எடுத்துக்கொள்ளலாம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "ஊரிலேயே முதலில் டிராக்டர் ஓட்டிய பெண்" என்று எழுதிவிட்டால் பெயர் எதற்கு?

கற்பித்தல் பற்றி எழுதுபவர்களுக்குத் தனியாக இரண்டு சொல்ல வேண்டும்.

குழந்தைகளின் படமோ பெயரோ வந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவது போக்சோ சட்டப்படி குற்றம். பெயர் மட்டுமல்ல, பள்ளி, ஊர், குடும்பம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் அதில் அடங்கும். நல்ல நோக்கத்தோடு எழுதினேன் என்பது விலக்கு ஆகாது.

நீங்கள் அரசுப் பள்ளி ஆசிரியராகவோ வேறு அரசுப் பணியிலோ இருந்தால், நடத்தை விதிகளைப் பார்த்துவிட்டு, நூலின் தலைப்பு, பொருள், வெளியிடுபவர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு விதிகள் கேட்கிறபடி உங்கள் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள் அல்லது அனுமதி கேளுங்கள். கவிதைக்கு இதைப் பற்றி யாரும் கேட்காமல் இருக்கலாம். பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று எழுதிய நூலுக்குக் கேட்பார்கள். கடிதம் கொடுத்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். நிறையப் பேர் புத்தக அறிமுக விழாவுக்கு அழைப்பிதழ் அடித்த பிறகுதான் இதை நினைத்துப் பார்க்கிறார்கள்.

5. காடும் வரைபடமும்

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இவற்றுக்குள் படம் எடுக்கவோ ஆய்வு செய்யவோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் சீட்டு வாங்கிப் போய் எடுத்த படமும், நூலுக்காகத் திட்டமிட்டு எடுத்த படமும் ஒன்றல்ல. அனுமதி எண்ணைக் குறித்து வைத்து நன்றிப் பக்கத்தில் போடுங்கள். அரிய பறவையின் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று வழி சொல்லாதீர்கள். இது சட்டத்துக்காக இல்லை, பறவைக்காக. உயிரினங்களின் தமிழ்ப் பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால், முதல்முறை வரும் இடத்தில் அறிவியல் பெயரையும் சேர்த்துவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

இந்திய வரைபடம் வருகிறதா? இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஒட்ட வேண்டாம். பல வெளிநாட்டுத் தளங்களில் காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்குப் பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி குற்றம். அந்தத் துறையின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். தாலுகா வரைபடம் மட்டும் போதுமென்றால் நீங்களே கையால் வரைந்து, "அளவுகோலுக்கு உட்பட்டதன்று" என்று கீழே எழுதிவிடுங்கள்.

6. பதிப்பகம் வழியாகப் போனால்

பதிப்பகம் எடுத்துக்கொண்டால் அடுத்து வரும் பல வேலைகள் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்கும் வேலை இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் "காலவரையறையின்றி", "உலகம் முழுவதும்" என்ற சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றை அடித்துவிட்டு ஆண்டுக்கணக்கை எழுதச் சொல்லலாம்; தப்பே இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தருபவர்களிடம் மூன்று கேள்விகள்: ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) யார் பெயரில் வாங்குவீர்கள்? பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பை எனக்குத் தருவீர்களா? அச்சான பிரதிகளில் எத்தனை என் கைக்கு வரும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

7. எழுத்துரு, மெய்ப்பு, சொல்லடைவு

முழுப் பிரதியும் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதிகளை எழுத்துரு மாற்றியில் (யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில்) போட்டால், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. மாற்றிய பிறகு இதற்காகவே ஒரு முறை படிக்க வேண்டும். கூடவே காலும் ரகரமும் இடம் மாறியிருக்கிறதா, "ஔ" என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மேற்கோள் குறிகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். ஆண்டுகளையும் ஆட்பெயர்களையும் மட்டும் தனியாக ஒரு சுற்று சரிபாருங்கள். வரலாற்று நூலில் 1927 என்பது 1972 ஆகிவிட்டால் வாசகர் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்.

மெய்ப்பு பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும், காசு கொடுத்து. நண்பர்கள் பாராட்டுவார்கள், பிழை பார்க்கமாட்டார்கள்.

சொல்லடைவு (எது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் வரும் பட்டியல்) தமிழ்க் கட்டுரை நூல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை, எனக்கு அதில் தீராத மனக்குறை. பெயர், ஊர், நிறுவனம் மட்டுமாவது போடுங்கள். ஆனால் பக்க வடிவமைப்பு முடிந்து, இனி ஒரு வரியும் நகராது என்ற நிலை வந்த பிறகே அதைச் செய்ய முடியும். அதற்கான பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

8. ஐஎஸ்பிஎன்

இந்தியாவில் இதைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் புதுடெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் எதுவும் இல்லை. "ஐஎஸ்பிஎன் வாங்கித் தர இவ்வளவு" என்று யாராவது கேட்டால், அது அவர்களுடைய வேலைக்கான கூலி மட்டுமே. உங்களாலேயே செய்ய முடியும்.

முகமையின் இணையதளத்தில் பதிப்பாளர், ஆசிரியர் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். தனிநபராக வெளியிடுபவர் ஆசிரியர் பிரிவில் பதிய வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் முகப்பு, தலைப்புப் பக்கம் இவற்றின் தெளிவான படங்களைத் தயாராக வையுங்கள். இங்கே பெரும்பாலோருக்கு விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் பெயர்தான். அடையாள அட்டையில் ஒரு பெயர், நூலின் அட்டையில் புனைபெயர், விண்ணப்பத்தில் தலைப்பெழுத்து இல்லாத பெயர் என்று மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கேள்வி வரும். புனைபெயர் என்றால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் புது எண் வேண்டாம். திருத்திய இரண்டாம் பதிப்புக்கு வேண்டும். சில நாட்களில் வந்தாலும் வரும், ஆனால் ஒரு மாதம் ஒதுக்கி வைத்தால்தான் நிம்மதி. எண் வந்த பிறகுதான் பின்னட்டை முடியும். பட்டைக்குறியீட்டை வெள்ளைப் பின்னணியில் கறுப்பில் மட்டும் போடச் சொல்லுங்கள். அட்டை ஓவியத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று பச்சைப் பின்னணியில் பழுப்புக் கோடு போட்டால் கடையில் கருவி படிக்காது.

9. அச்சகம்

தாள், அளவு, பக்கம், பிரதி எண்ணிக்கை ஆகிய நான்கையும் முடிவு செய்துவிட்டு, ஒரே விவரத்தை மூன்று அச்சகங்களுக்குக் கொடுத்து விலை கேளுங்கள். "200 பக்கப் புக்கு, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு தாளை மனதில் வைத்துச் சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. "டெமி 1/8, 192 பக்கம், 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட், ஒரு வண்ணம், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 500 பிரதி" என்று எழுதிக் கொடுங்கள். டெமி 1/8 நூலின் அளவு, ஜிஎஸ்எம் தாளின் கனம், நேச்சுரல் ஷேட் லேசான மஞ்சள் தாள், பெர்ஃபெக்ட் பைண்டிங் முதுகில் பசையிட்டு ஒட்டும் கட்டு.

192 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அச்சு ஃபாரம் கணக்கில் ஓடும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 192 பக்கம் என்றால் சரியாக 12 ஃபாரம். 196 பக்கம் ஆனால் அந்த நாலு பக்கத்துக்காகத் தனியாகக் கூலியும் தாளும் போகும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் நிற்கும். நன்றியுரையைக் கொஞ்சம் சுருக்கினால் தீர்ந்துவிடும். வண்ணப் படங்களை நூல் முழுக்கத் தூவாமல் ஆர்ட் தாளில் ஒரே தொகுப்பாக நடுவில் வைத்தால் செலவு நன்றாகக் குறையும். பறவை நூலுக்கு இது பொருந்தாது என்பீர்கள், சரிதான். அதற்கு முழு வண்ணமே வழி, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

100, 150 பிரதி போதுமென்றால் டிஜிட்டல் அச்சு. 500க்கு மேல் போனால் ஆஃப்செட்டில் பிரதி ஒன்றுக்கு மலிவு. முதல் நூலுக்கு டிஜிட்டலில் குறைவாகப் போட்டுப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். விலைப்புள்ளியில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அச்சுப் புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அச்சிடும் கூலிக்கு உண்டு. அட்டையின் முதுகுப் பட்டை அகலம் தாளையும் பக்கத்தையும் பொறுத்தது. இரண்டும் முடிவாகும் முன் அட்டையை இறுதி செய்யாதீர்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும். நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் நிற்க இடமிருக்காது. முதல் நூல்காரரின் வேலை வரிசையில் கடைசிக்குப் போகும். ஜனவரிக்கு வேண்டுமானால் அச்சுக்கான பிடிஎஃப் அக்டோபர் தொடக்கத்தில் போக வேண்டும். அப்படியென்றால் ஐஎஸ்பிஎன் விண்ணப்பம் ஆகஸ்டில், அனுமதிக் கடிதங்கள் அதற்கு முந்தைய பொங்கலிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

10. விலை வைப்பது

ஒரு மாதிரிக் கணக்கு. விலை 250 ரூபாய் என்று வைப்போம். விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழிவு போனால் கைக்கு 150 வரும். அச்சு பிரதிக்கு 80 வீதம் 500 பிரதிக்கு 40,000. வடிவமைப்பு, அட்டை, மெய்ப்பு, படக் கட்டணம் எல்லாம் சேர்த்து 25,000. மொத்தம் 65,000. இதை 150ஆல் வகுத்தால் 434 பிரதி விற்ற பிறகுதான் போட்ட பணம் திரும்பும். மதிப்புரைக்கு, அனுமதி கொடுத்தவர்களுக்கு, நூலகங்களுக்கு என்று 40 பிரதி இலவசமாகப் போனால் விற்க இருப்பது 460. அத்தனையும் விற்றால் மிச்சம் 4,000 ரூபாய், அதுவும் தபால் செலவு சேர்க்காமல். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்துவிட்டு விலையை அட்டையில் ஏற்றுங்கள். நேரடியாக நீங்களே விற்கும் பிரதிகள்தான் கணக்கைத் தூக்கி நிறுத்தும்.

11. நூல் வந்த முதல் மாதம்

1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் உங்கள் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியக் கழக மத்திய நூலகம், டெல்லிப் பொது நூலகம். கொல்கத்தாவுக்குப் போவது உங்களிடம் உள்ளவற்றில் நல்ல பிரதியாக, படங்களும் வரைபடங்களும் முழுதாக உள்ளதாக இருக்க வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம் ஐம்பது ரூபாய் வரை, கூட நூலின் விலை. தொகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பின்னாளில் ஓர் ஆய்வு மாணவி உங்கள் நூலைத் தேடினால் கன்னிமாராவில்தான் தேடுவார். பெற்றதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தபாலுக்கு, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் இருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் மட்டும் போகும், அதனால் அவசரத்துக்கு ஆகாது. அச்சகத்தின் பெயரோ பதிப்பாளர் பெயரோ நூலில் அச்சாகியிருக்க வேண்டும்; விளம்பரத் தாள்களுக்கு இடமில்லை. கவுன்டரில் "ஞான் போஸ்ட்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிடுவார்கள்.

நூலக ஆணைக்கு, அதாவது அரசு நூலகங்கள் உங்கள் நூலை வாங்குவதற்கு, பொது நூலக இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். அங்கே கொடுக்கும் விலை நீங்கள் அட்டையில் போட்ட விலையாகவே இருக்கும் என்று எண்ணாதீர்கள். கிடைத்தால் நல்லது, ஆனால் முந்தைய கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசுக்கு வகைவாரியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு முதல் பதிப்பு ஆண்டு முக்கியம் என்பதால், டிசம்பர் கடைசி வாரத்தில் அச்சாகும் நூலில் எந்த ஆண்டைப் போடுவது என்பதை யோசித்துப் போடுங்கள்.

காப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதியதுமே உரிமை உங்களுடையது. வழக்கு வரை போகக்கூடிய பொருள் என்று தோன்றினால் பதியலாம். இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பம். விண்ணப்ப எண் கிடைத்ததும் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகு பரிசீலனை. சில மாதங்கள் ஆகும்.

அனுமதிக் கடிதங்கள், அச்சுக்குப் போன இறுதிப் பிடிஎஃப், மூலக் கோப்பு மூன்றையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஒரு பிரதியை எடுத்து அட்டையில் "திருத்தப் பிரதி" என்று எழுதி மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் சுட்டிக்காட்டும் பிழையை, சொன்னவர் பெயரோடு, அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துவிடலாம். முதல் பிழையைப் பெரும்பாலும் முன்னுரை எழுதிக் கொடுத்தவரே சொல்வார்.